சாய்கோட்டின் வலப்பக்கம்

எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் நான் கீபோர்டு வாசிக்கத் தொடங்கிய முதல் வாரத்தில், ஒரு பாட்டின் வரிகளுக்கு மேலே கார்ட்கள், அதாவது ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்க வேண்டிய ஸ்வரக் கூட்டங்கள், குறிக்கப்பட்ட ஜெராக்ஸ் தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். சி, ஜி/பி, ஏ மைனர், சி/ஜி, எஃப் என்று அது போயிற்று. விண்ணப்பப் படிவங்களில் ஆண்/பெண், ஆம்/இல்லை என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தச் சாய்கோடு 'அல்லது' என்றே பட்டது. ஜி வாசிக்கலாம், அது வேண்டாம் என்றால் பி வாசிக்கலாம், தாளை எழுதியவர் தாராள மனத்தோடு இரண்டுக்கும் அனுமதி தந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். முதல் சரணத்தில் ஜி வாசித்தேன், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் சரணத்தில், ஒரு மாறுதலாக இருக்கட்டுமே என்று பி மேஜரை வாசித்தேன். சி மேஜரில் போய்க்கொண்டிருந்த பாட்டின் நடுவே டி ஷார்ப்பும் எஃப் ஷார்ப்பும் வந்து விழுந்தபோது சோப்ரானோ வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த அண்ணன் கையை நிறுத்தாமலே என் பக்கம் சாய்ந்து, "தம்பி, அது ஜி பை பி. மேல ஜி, கீழ பி. சாய்ஸ் எல்லாம் இல்ல" என்றார்.

நம் ஊரில் வாசிப்பவர்கள் பலரும் இதைப் பின்னத்தைப் படிப்பதுபோல் 'ஜி பை பி' என்றுதான் சொல்கிறார்கள். 'ஜி ஓவர் பி' என்பவர்களும் உண்டு. சாய்கோட்டை வைத்து இதற்கு இட்ட ஸ்லாஷ் கார்ட் என்ற பெயரைவிட இந்தப் பின்ன வாசிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் மேலே ஒன்று, கீழே ஒன்று என்பது அதிலேயே அடங்கிவிடுகிறது. சாய்கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது முழுக் கார்ட். வலப்பக்கம் இருப்பது கார்ட் அல்ல, ஒரே ஒரு ஸ்வரம். மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் ஒலிக்க வேண்டிய ஸ்வரம். ஜி/பி என்றால் ஜி, பி, டி ஆகிய மூன்றும் எந்த வரிசையில் வேண்டுமானாலும் ஒலிக்கலாம், அடியில் நிற்பது மட்டும் பி-யாக இருக்க வேண்டும். தாளில் வலப்பக்கம் எழுதியிருப்பதை இடது கையும், இடப்பக்கம் எழுதியிருப்பதை வலது கையும் வாசிக்க வேண்டியிருப்பது தொடக்கத்தில் ஒரு சிறு கொடுமை. ஒரு மாதத்தில் பழகிவிடும். (ஒரு முழுக் கார்ட்டின் மேல் இன்னொரு முழுக் கார்ட்டை ஏற்றுவதும் உண்டு. அதைச் சாய்கோட்டில் எழுதாமல் படுக்கைக் கோடு போட்டு, உண்மையான பின்னம் போலவே எழுதுவது வழக்கம். அது வேறு சங்கதி.)

அடி ஸ்வரம் மாறினால் என்ன பெரிதாக மாறிவிடப்போகிறது, அதே மூன்று ஸ்வரங்கள்தானே என்று எனக்கும் முதலில் தோன்றியது. அதற்குப் பியானோவின் முன் உட்கார்ந்து இரண்டு நிமிடம் செலவிட்டால் போதும். வலது கையில் நடு சி-யிலிருந்து சி, ஈ, ஜி மூன்றையும் அழுத்தி, அந்தக் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, இடது கையின் ஒரு விரலால் இரண்டு ஆக்டேவ் கீழே உள்ள சி-யை அழுத்திப் பாருங்கள். வீடு வந்து சேர்ந்த ஒலி அது. பாட்டு அங்கேயே முடிந்துவிடலாம். அடுத்து, வலது கையில் அதே கார்ட்டை மறுபடி அழுத்தி, இடது விரலை ஈ-க்கு நகர்த்துங்கள். கார்ட்டின் நிறம் மாறவில்லை, ஆனால் அது உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கிறது. அடுத்து எஃப்-க்குப் போகலாமா என்று கேட்பதுபோல் முன்னே சாய்கிறது. இடது விரலை ஜி-க்குக் கொண்டுபோனால், கதவருகே நின்று யாரோ உள்ளே அழைப்பதற்குக் காத்திருப்பதுபோல் ஒரு தயக்கம் வருகிறது. நம் காது ஒரு கார்ட்டின் எல்லா ஸ்வரங்களையும் அடியில் உள்ள ஸ்வரத்திலிருந்தே அளக்கிறது. அடி ஸ்வரத்தை ஒன்று என்று எண்ணினால், அடியில் சி இருக்கும்போது மேலே கேட்பது மூன்றாவதும் ஐந்தாவதும். அடியில் ஈ வந்ததும் மூன்றாவதும் ஆறாவதும். ஜி வந்ததும் நான்காவதும் ஆறாவதும். அடி ஸ்வரத்துக்கு மேல் நான்காவது நிற்பதை மேற்கத்திய மரபு நிலைகொள்ளாத ஒலியாகவே கருதிவந்திருக்கிறது. அதனால்தான் சி/ஜி, ஜி, சி என்ற மூன்று கார்ட்களைத் தொடர்ந்து வாசித்தால் ஒரு பாட்டின் கடைசி வரியைப் பாடி முடித்ததுபோல் இருக்கிறது.

சாய்கோடு புதிது, அது சொல்லும் விஷயம் பழையது. 1600 வாக்கில் தொடங்கி 18ஆம் நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பாவில் ஹார்ப்சிகார்டோ ஆர்கனோ வாசித்துத் துணைநின்றவரின் முன்னால் பெரும்பாலும் இடது கைக்கான ஒரு வரி மட்டுமே இருக்கும்; அதன் கீழே சில எண்கள் போட்டிருக்கும். ஈ என்ற ஸ்வரத்தின் கீழே 6 என்று எழுதியிருந்தால் அதற்கு மேல் மூன்றாவதையும் ஆறாவதையும், அதாவது ஜி-யையும் சி-யையும் வலது கை சேர்த்துக்கொள்ள வேண்டும். நாம் சி/ஈ என்று எழுதுவது அதைத்தான். ஆனால் அந்த எண்முறையில் சி என்ற பெயரே கிடையாது; அடி ஸ்வரமும் தூரங்களும் மட்டுமே உண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் ழான்-பிலிப் ராமோ 1722இல் பாரிஸில் வெளியிட்ட இசையிணைவு பற்றிய நூலில்தான் சி-ஈ-ஜி, ஈ-ஜி-சி, ஜி-சி-ஈ மூன்றும் ஒரே கார்ட்டின் வெவ்வேறு நிலைகள், மூன்றுக்கும் வேர், அதாவது கார்ட்டுக்குப் பெயர் தரும் ஸ்வரம், சி-யே என்ற கருத்து முறையான கோட்பாடாக நிறுவப்பட்டது. இன்று நாம் ரூட் பொசிஷன், முதல் இன்வர்ஷன், இரண்டாம் இன்வர்ஷன் என்று சொல்வதன் அடிப்படை அங்கே இருக்கிறது. ஆக சி/ஈ என்ற மூன்று குறிகளுக்குள் இரண்டு பார்வைகள் ஒன்றாக வாழ்கின்றன: இடப்பக்கம் ராமோவின் வேர், வலப்பக்கம் அவருக்கு முந்தைய வாத்தியக்காரர்கள் பார்த்து வாசித்த அடிவரி. என்னைப்போல் இடப்பக்கத்தை மட்டும் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்த வலப்பக்க எழுத்து ஏதோ பின்குறிப்பு போலத் தெரிகிறது. தாளைத் திருப்பிப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகே, அந்த எழுத்துகளை மட்டும் தொடர்ந்து படித்தால் ஒரு தனி மெட்டு இருக்கிறது என்பது எனக்குப் புலப்பட்டது.

அன்றைக்குக் கிடைத்த ஜெராக்ஸ் தாளையே எடுத்துக்கொள்கிறேன். அது முழுதாக சி, ஜி/பி, ஏ மைனர், சி/ஜி, எஃப், சி/ஈ, டி மைனர் 7, ஜி என்று போகும். சாய்கோடு இல்லாத இடத்தில் கார்ட்டின் வேரே அடி ஸ்வரம் என்று கொண்டு, அடியை மட்டும் எழுதினால் சி, பி, ஏ, ஜி, எஃப், ஈ, டி, கடைசியில் மேலே ஏறி ஜி. சி மேஜர் ஸ்கேல் படிப்படியாகக் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். சாய்கோடுகளைப் புறக்கணித்து வேர்களை மட்டும் வாசித்தால் அதே அடிவரி சி, ஜி, ஏ, சி, எஃப், சி, டி, ஜி என்று தத்தித் தாவும். கார்ட்களில் ஒன்றுகூட மாறவில்லை, ஆனால் மாடிப்படியில் கைப்பிடியைத் தடவிக்கொண்டு இறங்கி வருவதற்கும் படிக்குப் படி குதிப்பதற்கும் உள்ள வேறுபாடு கேட்கிறது.

இதைக் கையில் ஏற்ற நான் செய்தது இது. வலது கையை மடியில் வைத்துவிட்டு, இடது கையால் அந்த எட்டு ஸ்வரங்களை மட்டும் பத்து முறை வாசித்தேன், கூடவே பாடினேன். விரல்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. சி-யில் கட்டைவிரல், பி-யில் ஆள்காட்டி விரல், ஏ-யில் நடுவிரல் என்று போய், ஜி வரும்போது கட்டைவிரலை உள்ளங்கைக்கு அடியில் நுழைத்து அங்கே வைக்க வேண்டும். பிறகு எஃப்-க்கு ஆள்காட்டி, ஈ-க்கு நடுவிரல், டி-க்கு மோதிர விரல். கடைசி ஜி-க்குக் கட்டைவிரல் ஏற்கெனவே பக்கத்தில் நிற்கும். ஸ்கேல் பயிற்சியை எதற்குத்தான் செய்யச் சொல்கிறார்களோ என்று முணுமுணுத்த நாள்களுக்கு இங்கே விடை கிடைத்தது. இந்த வரியைச் சுண்டுவிரலாலேயே ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டு போனால் ஒலி துண்டு துண்டாக விழும். சஸ்டெய்ன் பெடலை மிதித்து அதை மறைக்கப் பார்த்தால் பி-யும் ஏ-யும் ஜி-யும் ஒன்றன்மேல் ஒன்று வழிந்து கூழாகிவிடும்.

வலது கை இதற்கு நேர்மாறாக, முடிந்த அளவு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். ஈ-ஜி-சி என்று தொடங்குங்கள். ஜி/பி வரும்போது டி-ஜி-பி, ஏ மைனருக்கு ஈ-ஏ-சி, சி/ஜி-க்கு மறுபடி ஈ-ஜி-சி, எஃப்-க்கு எஃப்-ஏ-சி, சி/ஈ-க்குத் திரும்பவும் ஈ-ஜி-சி, டி மைனர் 7-க்கு எஃப்-ஏ-சி, ஜி-க்கு டி-ஜி-பி. கடைசி ஜி-க்காக எஃப் டி-க்கு இறங்குவதைத் தவிர, எந்த விரலும் ஓர் அடுத்த வெள்ளைக் கட்டைக்கு மேல் நகரவில்லை. உச்சியில் சி, பி, சி என்று அசையாத கோடு, அடியில் இறங்கிக்கொண்டே போகும் கோடு. இரண்டுக்கும் இடையில் வாய்ப்பாட்டுக்கு இடம் திறந்துகொண்டே போகிறது. டி மைனர் 7 வந்த இடத்தில் வலது கை எஃப் மேஜரைத்தான் வாசித்தது என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதை எஃப்/டி என்று எழுதினாலும் ஒலி ஒன்றே.

சி/ஈ-யில் ஒரு நுட்பம் இருக்கிறது, இதை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருக்கலாம். அடியில் ஈ நிற்கும்போது வலது கையிலும் ஈ-யை அழுத்தினால் அந்த மூன்றாவது ஸ்வரம் தடித்துப்போய்க் கார்ட்டின் மற்ற இரண்டையும் அமுக்கிவிடுகிறது. வலது கையில் ஜி, சி இரண்டு மட்டும் வாசித்துப் பாருங்கள். ஒலி சட்டென்று வெளுத்துத் துலங்கும். ஜி/பி-யிலும் அப்படியே: பி இடது கையில் இருக்கிறது, வலது கைக்கு டி-யும் ஜி-யும் போதும். அங்கே பி-க்கு சி-யை நோக்கிய இழுப்பு வேறு இருப்பதால் இரண்டு கைகளிலும் அதை ஒலிக்கவிடுவதை நாலு குரல் எழுத்து கற்பிக்கும் புத்தகங்கள் தவிர்க்கச் சொல்கின்றன. இதை நான் சட்டமாகப் பிடித்துக்கொள்வதில்லை. மேல்மெட்டே பி-யில் இருந்தால் வாசித்துத்தான் ஆக வேண்டும்.

இடது கையில் ஒரு ஸ்வரம் ஏதோ குறையாகத் தோன்றுகிறதே என்று அங்கேயும் ஒரு கார்ட்டை அழுத்தும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. 61 கட்டை கீபோர்டின் அடிக்கோடி சி ஏறக்குறைய 65.4 ஹெர்ட்ஸ், அதற்கு அடுத்த ஈ 82.4. இரண்டுக்கும் இடையே 17 ஹெர்ட்ஸ்தான் வேறுபாடு. அவ்வளவு நெருக்கத்தில் அவை உரசிக் கரகரவென்று அதிர்கின்றன. அதே சி-ஈ ஜோடி நடு ஆக்டேவில் 261.6, 329.6 என்று 68 ஹெர்ட்ஸ் விலகி நிற்பதால் தெளிவாகக் கேட்கிறது. அதனால் கீழ்ப் பகுதியில் ஒற்றை ஸ்வரம், அல்லது அதன் ஆக்டேவ், ஆசைப்பட்டால் ஐந்தாவது. பேஸ் கிட்டார் வாசிப்பவர் பக்கத்தில் இருந்தால் அதுகூட வேண்டாம். அந்த வரி அவருடைய சொத்து.

ஸ்டைல், அதாவது தாளமும் பேஸும் தானாக ஓடும் பின்னணி, போட்டு வாசிக்கும் கீபோர்டுகளில் இன்னொரு பொறி இருக்கிறது. அந்தத் தாளை வீட்டில் பழகும்போது இடது கையில் ஈ-ஜி-சி என்று ஒழுங்காகத்தான் அழுத்தினேன், ஆனாலும் இயந்திரத்தின் பேஸ் பிடிவாதமாக சி-யையே வாசித்துக்கொண்டிருந்தது. வழக்கமான கார்ட் முறையில் அது மூன்று ஸ்வரங்களைப் பார்த்து 'சி மேஜர்' என்று பெயரைக் கண்டுபிடித்து, வேரை அடியில் போட்டுவிடுகிறது. எந்த வரிசையில் அழுத்தினாலும் அதற்குக் கவலையில்லை. பல கீபோர்டுகளில் அழுத்திய ஸ்வரங்களில் மிகத் தாழ்ந்ததையே பேஸாக எடுத்துக்கொள்ளும் 'ஆன் பேஸ்' என்ற முறையை மெனுவுக்குள் போய்த் தேர்ந்தெடுக்கலாம். அதை மாற்றும்வரை ஸ்லாஷ் கார்ட் என்று ஒன்று அந்த இயந்திரத்துக்குத் தெரியவே தெரியாது. ஸ்டைலோடு மட்டுமே வாசித்துப் பழகிய ஒரு தலைமுறைக்கு அடிவரி காதில் விழாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இதுவரை சொன்னவற்றில் அடி ஸ்வரம் பெரும்பாலும் கார்ட்டின் மூன்று ஸ்வரங்களுக்குள்ளேயே இருந்தது. வெளியிலிருந்து வரும்போதுதான் விளையாட்டு சூடுபிடிக்கிறது. எஃப்/ஜி-யை எடுத்துக்கொள்ளுங்கள்: வலது கையில் எஃப், ஏ, சி, அடியில் ஜி. சி-க்குத் திரும்ப விரும்பும் இடத்தில் ஜி7-க்குப் பதிலாக இதைப் போட்டால், பி என்ற ஸ்வரம் இல்லாததால் அந்த விறைப்பான தள்ளல் இல்லை. ஆனால் அடியில் ஜி நிற்பதால் திசை தெரிகிறது. இதற்கு ஜி9 சஸ்4 என்று ஒரு பெயர் உண்டு. மேடையில் பாடகர் ராகம் இழுத்துக்கொண்டிருக்கும் நொடியில் அந்தப் பெயரைப் பிரித்துக் கணக்குப்போட யாருக்கு நேரம்? எஃப்-ஐ வாசி, ஜி-யை மிதி என்பது உடனே கைக்கு வருகிறது. மறுபுறம், ஏ மைனர்/எஃப் என்று சிலர் எழுதுவதைப் பார்க்கும்போது எனக்குச் சற்று எரிச்சல் வரும். எஃப், ஏ, சி, ஈ என்பது எஃப் மேஜர் 7 தவிர வேறில்லை, அதை அப்படியே எழுதலாம். ஏ மைனர் கார்ட் மேலே அசையாமல் நிற்க அடிவரி மட்டும் ஏ, ஜி, எஃப் என்று இறங்குகிறது என்று காட்டவேண்டிய இடமாக இருந்தால் மன்னித்துவிடுவேன்.

கார்ட்டின் ஏழாவது ஸ்வரம் அடியில் வருவது தனி ரகம். சி/பி ஃபிளாட் என்ற கார்ட் அரை நொடிகூட நிம்மதியாக நிற்காது; பி ஃபிளாட் ஒரு படி இறங்கி ஏ ஆக வேண்டும், அதாவது எஃப்/ஏ வர வேண்டும். இந்த இறக்கத்தை எழுதியவர்களில் எனக்குத் தெரிந்து மிகத் தெளிவாகக் காட்டுபவர் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக். ராமோவின் நூல் வந்த அதே 1722 என்ற ஆண்டைத் தலைப்புப் பக்கத்தில் தாங்கிய வெல் டெம்பர்டு கிளாவியர் முதல் பாகத்தின் முதல் பிரிலூட், பியானோ படிப்பவர்கள் அனைவரும் என்றாவது ஒருநாள் தொட்டுப் பார்ப்பது. கடைசி மூன்றைத் தவிர ஒவ்வொரு பாரிலும் (தாளக் கணக்கில் ஒரு சுற்று) ஐந்து ஸ்வரங்கள்தான்: இடது கைக்கு இரண்டு, வலது கைக்கு மூன்று. பிரித்துப் பிரித்து வாசிக்கும் அந்த ஐந்தையும் ஒரே சமயத்தில் அழுத்தினால் பாருக்கு ஒரு கார்ட் கிடைக்கிறது. பாக் கார்ட் பெயர் எதையும் எழுதவில்லை. நம் எழுத்தில் எழுதினால் முதல் 11 பார்கள் இப்படி அமையும்: சி, டி மைனர் 7/சி, ஜி7/பி, சி, ஏ மைனர்/சி, டி7/சி, ஜி/பி, சி மேஜர் 7/பி, ஏ மைனர் 7, டி7, ஜி. பதினொன்றில் ஆறு ஸ்லாஷ் கார்ட்கள்.

இரண்டாவது பாரில் விரல் வைத்துப் பாருங்கள். முதல் பாரில் வீடாக இருந்த அதே சி அடியில் நகராமல் நிற்கிறது. அதை ஒட்டி இடது கையிலேயே டி வந்து உட்கார, மேலே ஏ, டி, எஃப். நேற்றுவரை வீட்டுக்காரராக இருந்தவர் இன்று விருந்தாளி ஆனதுபோல, சி இப்போது டி மைனரின் ஏழாவது ஸ்வரம். வேறு வழியில்லாமல் மூன்றாவது பாரில் பி-க்கு இறங்குகிறது. ஆறாவது பாரில் டி7-இன் அடியில் சி. ஏழில் அதுவும் பி ஆகிறது. எட்டாவது பாரில் அந்த பி நகரவில்லை, ஆனால் மேலே சி மேஜர் வந்துவிடுகிறது. இடது கை பி, சி என்ற அடுத்தடுத்த இரண்டு வெள்ளைக் கட்டைகளைத் தொடுகிறது. தனியாக அழுத்தினால் பல் கூசும் அந்த இரண்டும், ஒன்பதாவது பாரில் அடிவரி ஏ-க்கு இறங்கியதும் இளகிவிடுகின்றன. மூன்று முறையும் ஒரே நியாயம்: கார்ட் மேலே மாறி அடி ஸ்வரத்தை ஏழாவது ஆக்குகிறது, அது ஒரு படி இறங்குகிறது. பதினொன்றாவது பார் வருவதற்குள் இரண்டு நிமிடப் பிரிலூட்டில் ஸ்லாஷ் கார்ட்டின் முழுப் பாடமும் கைக்கு வந்துவிடுகிறது. பயிற்சிக்கு இதைவிட நல்லதாக ஒன்றை எனக்குத் தெரியாது.

அதே பிரிலூட்டின் இறுதியில் அடிவரி நின்றுவிடுகிறது. எட்டு பார்கள் தொடர்ந்து ஜி, பிறகு முடிவுவரை நான்கு பார்கள் சி. மேலே கார்ட்கள் மாறிக்கொண்டே இருக்க, கீழே ஒரே ஸ்வரம். ஆர்கனில் பாதத்தால் ஒரு கட்டையை மிதித்து வைத்துக்கொண்டு மேலே வாசித்ததிலிருந்து இதற்குப் பெடல் பாயின்ட் என்று பெயர். தம்புராவின் ஸட்ஜத்துக்குப் பழகிய நம் காதுக்கு இது அந்நியமே அல்ல. நாம் கச்சேரி முழுவதும் ஒரு ஸட்ஜத்தின் மேலேயே நிற்கிறோம், அவர்கள் சில பார்கள் நின்றுவிட்டு நகர்கிறார்கள். ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தம்புராவின் ஸா எதையும் கேட்பதில்லை, எங்கும் போக விரும்புவதில்லை. பாக்கின் அந்த ஜி ஒவ்வொரு பாரிலும் சி-யைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

சி வந்த பிறகும் அவர் உடனே விடுவதில்லை. சி7, எஃப்/சி, ஜி7/சி, கடைசியில் சி. கடைசிக்கு முந்தைய பாரில் இடது கைச் சுண்டுவிரல் தாழ்ந்த சி-யையும் கட்டைவிரல் அதற்கு மேலே பி-யையும் பிடித்திருக்கின்றன, ஆக்டேவுக்கு ஒரு கட்டை குறைவு. எங்கள் குழுவின் பேஸ் அண்ணன் ஒருநாள் ஒத்திகைக்குப் பின் நான் இதை வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்தப் பாரில் மட்டும் என் கையை நிறுத்தச் சொன்னார். சி-யும் பி-யும் அடங்கும்வரை இருவரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு தன் கிட்டாரில் அந்த சி-யை ஒருமுறை தட்டிவிட்டு, "இப்ப முடி" என்றார்.